எலும்பு சேராத உரம்

1. கிழிந்த மூட்டை

உர வேலையைப் பார் என்று கணக்கப்பிள்ளையான என்னைப் பிரித்துப் போட்ட முதல் நாளே மூட்டை கிழிந்தது. அதிலிருந்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இது உருப்படுகிற வேலை இல்லை என்று.

அப்போது ரயில் பண்டாரவளை வரைக்கும்தான். கொழும்பிலிருந்து வரும் உர மூட்டைகளை அங்கே இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றிப் பதுளை தாண்டி, பசறைப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். தேயிலைக்குப் போடும் எலும்புத்தூளில் கொஞ்சம் எடுத்துத் துரை பங்களாவின் ரோஜாப் பாத்திக்குப் போடுவது வழக்கம். தூள் என்று பேர்தான். பாதி தூள், பாதி துண்டு. பல்லும் இருக்கும், கொம்பும் இருக்கும். நாங்கள் அதைப் பார்க்காமலே அள்ளப் பழகியவர்கள்.

பங்களா வளைவில் வண்டி திரும்பும்போது ஒரு மூட்டை சரிந்து கிழிந்தது. துரையின் மனைவி, துரைசாணி, அங்கே நின்றுகொண்டிருந்தார். சீமையிலிருந்து வந்து இன்னும் வருடம் திரும்பாதவர், மெலிந்த உடம்புக்காரர். காலடியில் டாபி என்ற வெள்ளைக் குட்டை நாய். கொட்டிய குவியலில் ஒரு குளம்பு கிடந்தது. அதில் லாடம் அப்படியே இருந்தது, ஆணியோடு.

"இது என்னா?" என்று வண்டிக்காரரைக் கேட்டார்.

"மாட்டுக் கொளம்புங்க, தொரசாணி. வண்டி மாடு. லாடத்தக் கழட்ட மறந்துட்டானுங்க போலருக்கு."

துரைசாணி அந்த லாடத்தையும், வண்டியில் பூட்டியிருந்த இரண்டு மாடுகளின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். மாடுகள் நுரை தள்ளி நின்றன. அவர் ஒன்றும் சொல்லாமல் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பங்களாக்காரர்கள் சத்தம் போட்டால் பயமில்லை, சத்தம் போடாமல் போனால்தான் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

2. சாணி கூடவா?

வந்தது. மறுநாள் ஆபீசில் துரை என்னைக் கூப்பிட்டார். இந்தத் துரைமார் புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர்கள். அந்தப் புத்தகத்தில் 'போ', 'வா', 'வெட்டு' தவிர வேறு பக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

"கணக்கப்பிள்ளை, ரோஸ் தோட்டத்துக்கு எலும்பு வேணாம். தொரசாணி சொல்றது. ரத்தத்தூள் வேணாம். மீன் வேணாம். வேற உரம் போடு. ஆனா பூ வேணும். பதுளைப் பூக்காட்சிக்குப் பெரிய பூ வேணும். கிளப்லே நான் சொல்லியாச்சு. பூ இல்லே, தோட்டத்துப் பொம்பளே மலைக்குப் போ."

தோட்டத்துப் பொம்பளை என்று அவர் சொன்னது மருதாயியை. அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், மழையில் சறுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. மடங்காது. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவன், பிள்ளை குட்டி இல்லை. காலை நீட்டியபடியே உட்கார்ந்து புல் பிடுங்குவாள் என்று பழைய துரை அவளைப் பங்களாத் தோட்டத்துக்கு விட்டிருந்தார். மலைக்குத் திருப்பி அனுப்பினால் அவளால் ஏற முடியாது. ஏறாவிட்டால் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பேர் வெட்டு. பேர் போனால், தோட்டத்து வரிசை வீட்டில் கொடுத்த ஒற்றை அறை, அந்த லயத்துக் காம்பராவும் போகும். அப்புறம் பதுளைக் கடைத்தெருவில் கை நீட்ட வேண்டியதுதான். ஒரு ரோஜாப் பூ எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்பதில் ஒரு பெண்பிள்ளையின் கூரை தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் இதெல்லாம் அதிசயமில்லை.

துரைசாணி மாமிசம் தொடாதவர் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். குசினி அப்பு, அதாவது பங்களாச் சமையல்காரர், ஊரெல்லாம் சொல்லி அழுதிருந்தார். "ஒரே வூட்டுல ரெண்டு சமையலு. தொரைக்கு ஆடு, அந்தம்மாவுக்கு அவரை. போதாததுக்கு அந்த நாய்க்கும் பருப்புஞ் சோறுமாம். நாய் என்னையப் பாக்குற பார்வையத் தாங்க முடியல, கணக்கப்பிள்ளை." நாங்கள் சிரித்தோம். சிரித்ததோடு மறந்துவிட்டோம்.

எலும்பு வேண்டாம் என்றால் சாணி போடலாம் என்று நான் நினைத்தேன். மாடு சாகாமல் தருவதுதானே. பங்களாவில் போய்க் கேட்டேன். துரைசாணி ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு அதுவும் கூடாது என்றார். பங்களா மாட்டின் கன்றுகளைப் பதுளைக் கசாப்புக்காரருக்கு விற்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாட்டை வைத்திருப்பதே பாவம், அதன் சாணி எனக்கு வேண்டாம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

மருதாயிக்கு வாய் மூடவில்லை. "சாணி கூட ஆகாதா? சாணி இல்லாம வாசலே தெளிக்க முடியாதேங்கய்யா! அப்ப அந்தம்மா வெறுங் காத்தையா போடச் சொல்லுது?"

"உன் வேலை நிலைக்கணும்னா காத்துலயும் பூப் பூக்க வைக்கணும், மருதாயி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

3. சாம்பலும் தழையும்

இளம் கணக்கப்பிள்ளைமாருக்கு இந்த இடம் உபயோகப்படும், கவனியுங்கள். எலும்புத்தூள் ரோஜாவுக்குச் செய்வது மெதுவான வேலை. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேருக்கும் பூவுக்கும் பலம் கொடுக்கும். அதை நிறுத்தினால் அந்த வேலையை வேறு எதுவாவது செய்ய வேண்டும். இலைக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று, வேருக்கு ஒன்று என்று மூன்றையும் வேறு வேறு இடத்திலிருந்து தேடிப் பிடிக்க வேண்டும்.

முதலில் ஸ்டோர் அடுப்பில் விறகு எரிந்த சாம்பல் போட்டோம். ஸ்டோர் என்றால் தேயிலை வாட்டும் பேக்டரி. சாம்பல் பூவுக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் போட்ட அன்றே மழை பிடித்துக்கொண்டது. நல்ல சாம்பலெல்லாம் கழுவிக்கொண்டு ஓடையில் போயிற்று. மூடி வைத்த சாம்பலைத்தான் போட வேண்டும், மழை பார்த்துப் போட வேண்டும்.

அடுத்து முள்ளு முருங்கைத் தழை. தேயிலைக்கு நிழலாக வைத்திருக்கும் மரம். கிளையைக் கழித்து, தழையைப் பாத்தியோரம் குவித்தோம். கொஞ்சத்தைப் பீப்பாயில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு அந்தத் தண்ணீரையும் ஊற்றினோம். நாற்றம் குடலைப் புரட்டும். மருதாயி முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வாளி வாளியாக ஊற்றினாள். அதற்குக் குணம் உண்டு, ஆனால் அவசரம் கிடையாது. தழை மக்க வேண்டும், மண்ணாக வேண்டும். பூக்காட்சிக்குள் அது ஆகுமா என்பது சந்தேகம். இரும்பு உருக்கும் இடத்துக் கசடைத் தூளாக்கிக் கொழும்பில் விற்றார்கள். எலும்பு செய்யும் வேலையில் பாதியை அது செய்யும் என்று துரையே எடுத்துக் கொடுத்தார். அதுவும் ஆமை வேகம்தான்.

செடிகள் செத்துப் போகவில்லை. ஆனால் இலை வெளுத்து, தண்டு மெலிந்து, நோயாளி மாதிரி நின்றன. துரை காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார். செடியைப் பார்த்த பிறகு மருதாயியின் காலைப் பார்ப்பார். எனக்கு அந்தப் பார்வையைக் கண்டாலே எரிச்சலாக வரும். ஆனாலும் 'சலாம் துரை' என்றுதான் சொல்வேன். சம்பளக்காரன் வேறென்ன சொல்ல?

கடைசியாக எஞ்சியது ஆமணக்குப் புண்ணாக்கு. ஆமணக்கு விதையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை. சுத்தமான செடிச் சரக்கு. வேகமாகப் பிடிக்கும், இலையைக் கருப்பச்சையாக்கும். துரைசாணிக்கு மிகவும் சந்தோஷம். மூட்டையைப் பிரித்து முகர்ந்துகூடப் பார்த்தார்.

மூட்டை இறக்கிய வண்டிக்காரர், அதே ஆள்தான், என் காதோரம் முணுமுணுத்தார். "எலும்புன்னா பாவம், புண்ணாக்குன்னா புண்ணியம். இதும் என் மாடுங்கதான் இழுத்துட்டு வந்துச்சு. காத்துலயா பறந்து வந்துச்சு?"

நான் மூட்டைகளை எண்ணினேன். அவர் மாடுகள் அன்றைக்கும் நுரை தள்ளி நின்றன.

4. மண்புழு

தேயிலை மலையில் புண்ணாக்கு போடுவதற்கு ஒரு முறை உண்டு. செடியைச் சுற்றித் தூவி, முள்ளால் மண்ணைக் கிளறிப் புரட்டி, மேலே தழை போட்டு மூடிவிட வேண்டும். முள்ளு என்றால் நீளப் பல் வைத்த இரும்புக் கருவி. மூடாவிட்டால் பாதிச் சத்து காற்றில் போகும், மீதியை மழை கொண்டுபோகும். இன்னொன்றும் உண்டு. ஆமணக்குப் புண்ணாக்கை மாடு தின்றால் பிழைக்காது. அதனால் உரக் கொட்டில் பக்கம் மாடு மேய விட மாட்டோம். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மாட்டுக்கு ஆகாது என்று தெரியும், அதற்குமேல் யாரும் யோசித்ததில்லை. லயத்தில் நாய் வளர்க்கத் துரை விடுவதில்லை, கண்டால் சுட்டுவிடுவார். அதனால் நாய் புண்ணாக்கைத் தின்னுமா தின்னாதா என்று பார்க்க எங்களுக்கு வாய்ப்பே வந்ததில்லை.

மருதாயி மலை முறைப்படியே தூவிவிட்டு முள்ளை எடுத்தாள். துரைசாணி ஓடி வந்தார்.

"வேணாம், வேணாம்! குத்த வேணாம். புழு சாவும்."

"எந்தப் புழுங்கம்மா?"

துரைசாணி குனிந்து, கிளறிய மண்ணில் இரண்டு துண்டாக நெளிந்துகொண்டிருந்த மண்புழுவைக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. விளையாட்டில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. அந்த அம்மாள் வேஷக்காரர் இல்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

"மூடாட்டி பிடிக்காதுங்கம்மா" என்றாள் மருதாயி.

நானும் சொன்னேன், மண்ணுக்குள் போனால்தான் உரம், வெளியே கிடந்தால் குப்பை என்று.

"மேலே போடு. தண்ணி ஊத்து. போதும்" என்றார் துரைசாணி.

எஜமானி சொன்னால் சொன்னதுதான். மேலே போட்டோம், தண்ணீர் ஊற்றினோம். ஈரம் பட்டதும் புண்ணாக்கு மணம் கிளம்பியது. எண்ணெயில் எதையோ வறுத்த மாதிரி ஒரு மணம். பருப்பும் சோறும் தின்று அலுத்த ஒரு நாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

டாபி எப்போது தின்றது என்று யாருக்கும் தெரியாது. குசினி அப்புதான் முதலில் பார்த்தார், வராந்தாவில் வாந்தி எடுத்துக் கிடந்ததை. பிறகு ரத்தமாகப் போயிற்று. துரைசாணி அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பசறையிலிருந்து மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, மனிதனுக்குக் கொடுக்கும் மருந்தையே கொடுத்தார். ஒன்றும் நிற்கவில்லை. உயிர் போன பிறகும் அந்த அம்மாள் அதற்குத் துணி போர்த்திவிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மருதாயியைக் கூப்பிட்டு, ரோஜாப் பாத்தியின் ஓரச் செடியைக் காட்டினார். "இங்கே குழி வெட்டு. ஆழமா."

மருதாயி என்னைப் பார்த்தாள். எலும்பு ஆகாத பாத்தி அது. நான் தலையை மட்டும் அசைத்தேன். மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, மம்பட்டியால் ஆழமாகவே வெட்டினாள். மண்புழுவைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

5. பெரட்டு

பெரட்டு என்பது காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். மறுநாள் பெரட்டில் துரை முகம் சிவந்து நின்றார். நாய் எதைத் தின்று செத்தது என்று மருந்துக்காரர் சொல்லிவிட்டிருந்தார்.

"யாரு புண்ணாக்கு மேலே போட்டது?"

"நாந்தாங்க போட்டேன்" என்றாள் மருதாயி.

அவ்வளவுதான். யார் போடச் சொன்னது என்று துரை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். பக்கத்தில் நின்றிருந்த மருதாயி மெதுவாகச் சொன்னாள். "வேணாங்கய்யா. அந்தம்மா பெத்த புள்ளையப் பறிகுடுத்த மாதிரி ஒக்காந்திருக்கு. நீதான் கொன்னேன்னு அதுக்கிட்டப் போயி சொல்ல முடியுமா?"

"பேர் வெட்டு, கணக்கப்பிள்ளை" என்றார் துரை. குதிரையில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. துரை மேலா, துரைசாணி மேலா, பேசாமல் நின்ற மருதாயி மேலா என்று தெரியவில்லை. எல்லார் மேலும்தான். ஒரு நாயின் துக்கத்துக்கு மரியாதை கொடுத்துத் தன் கூரையை விட்டுக்கொடுக்கிறாளே, இவளுக்கு என்ன பைத்தியமா? நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. ஆனால் அன்றைக்குப் பேரை வெட்டாமல் நேரே பங்களாவுக்குப் போனேன்.

துரைசாணி வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். வெறும் மடியில் கை வைத்திருந்தார்.

"மருதாயி பேரை வெட்டச் சொல்லிட்டாங்க, தொரசாணி அம்மா" என்றேன்.

"ஏன்?"

"புண்ணாக்க மேல போட்டதுக்கு."

அவர் என்னையே பார்த்தார். முகத்தில் ஏதோ வந்து ஏதோ போயிற்று. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். பெரிய இடத்துக் கதவு சாத்திக்கொண்டால் நம் பக்கம் திறந்து நான் பார்த்ததில்லை. அன்று மாலை மருதாயி சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று லயத்திலிருந்து சொன்னார்கள்.

மறுநாள் காலை பெரட்டுக்கு மருதாயி வந்தாள். வரிசையில் நிற்கவில்லை, ஓரமாக மூட்டையோடு நின்றாள். சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறாள். துரை பேர் கூப்பிடத் தொடங்கினார். அப்போது பங்களாப் பாதையில் துரைசாணி இறங்கி வந்தார். பெரட்டுக் களத்துக்கு எந்தத் துரைசாணியும் வருவதில்லை. கொழுந்துக்காரிகள் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவர் நடுக்களத்தில் வந்து நின்று, துரையிடம் இங்கிலீசில் பேசியிருக்கலாம். பேசவில்லை. எங்களுக்கு விளங்க வேண்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

"மேலே போடு, நான் சொன்னது. மருதாயி மூடச் சொன்னது. நான் கேக்கல்லே. டாபி செத்தது, நான்."

துரைக்குக் காது வரைக்கும் சிவந்தது. அத்தனை ஆள் முன்னால் அவர் என்ன செய்ய முடியும்? கையிலிருந்த பிரம்பால் பூட்சைத் தட்டினார். "பேர் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஸ்டோர் பக்கம் நடந்தார். துரைசாணி திரும்பிப் பங்களாப் பாதையில் ஏறினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

மருதாயி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முந்தின நாள் பேர் வெட்டச் சொன்னபோதுகூட அவள் அழவில்லை.

6. ஓரச் செடி

அதற்குப் பிறகு ரோஜாவுக்கு ஒரு முறையை வைத்துக்கொண்டோம். மக்கிய முள்ளு முருங்கைத் தழை, ஸ்டோர் சாம்பல், கசடுத்தூள், கொஞ்சமாகக் கடலைப் புண்ணாக்கு. ஆமணக்குப் பக்கம் போகவில்லை. கையாலேயே மண்ணை மெல்ல விலக்கி, உள்ளே வைத்து மூடச் சொன்னார் துரைசாணி. மருதாயி அப்படியே செய்தாள். நேரம் பிடித்தது. செடிகள் தெளிந்து வந்தன, பூவும் வந்தது. எலும்பு போட்ட காலத்துப் பூ அளவுக்கு இல்லை, சுமாரான பூ. அந்த ஓரச் செடியைத் தவிர.

ஓரச் செடி ஆளுயரம் போயிற்று. பூ ஒவ்வொன்றும் சாஸர் அகலம். பூக்காட்சிக்கு அதைத்தான் வெட்ட வேண்டும் என்று துரை சொன்னார். மருதாயி கத்தியோடு போனாள். துரைசாணி அங்கே நின்றிருந்தார். நானும் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இந்தச் செடிக்கு என்னா போட்டது, மருதாயி?" என்று துரைசாணி கேட்டார். தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மருதாயி செடியின் அடி மண்ணைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் போடலைங்கம்மா. நீங்க குடுத்ததுதான்" என்றாள்.

துரைசாணி அந்தப் பூவை ஒரு விரலால் தொட்டார். பிறகு அவளிடமிருந்து கத்தியை வாங்கி, மற்றச் செடிகளின் சுமாரான பூக்களைத் தாமே வெட்டிக் கூடையில் போட்டார். துரை கேட்டதற்கு என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. பரிசு வேறு தோட்டத்துக்குப் போயிற்று. அங்கே எலும்புத்தூளை மூட்டை மூட்டையாகப் போட்டிருந்தார்கள். மருதாயியை மலைக்கு அனுப்பும் பேச்சை மட்டும் அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

சில வருஷத்தில் அந்தத் துரையும் துரைசாணியும் சீமைக்குப் போனார்கள். அடுத்து வந்தவர் ரோஜாவைப் பிடுங்கிவிட்டு டென்னிஸ் விளையாட இடம் போட்டார். மருதாயி அதற்கு முன்பே, அதே காம்பராவில், தன் பாயில் படுத்தபடி கண்ணை மூடியிருந்தாள். எனக்கும் இப்போது முழங்கால் மடங்குவதில்லை.

உர வேலைக்கு வருகிற தம்பிமார் என்னிடம் எந்த உரம் நல்லது என்று கேட்கிறார்கள். எலும்பும் போடலாம், எலும்பு இல்லாமலும் பூக்க வைக்கலாம், பொறுமை இருந்தால். எதைப் போட்டாலும் மண் போட்டு மூடுங்கள். அதற்குமேல் எனக்கு உரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வருஷ சேவகத்தில் 'பேர் வெட்டு' என்று பங்களாவிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 'நான் சொன்னது' என்று அந்த ஒரு காலையில் மட்டும்தான் கேட்டேன்.